நாச்சியார் வகையறா

சோழபுரத்துப் பால்ச்சாமி வீட்டில் பெண்பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே ஒரு சொல் இருந்தது. பொழுது சாய்ந்து வீடு திரும்பினாலும், தனியாக பஸ் ஏறினாலும், ஆண்கள் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை விட்டாலும், "ஏட்டி, நாச்சியாவா ஆகப் போறியா?" என்பார்கள். அந்த நாச்சியா யார், என்ன செய்தாள் என்று கேட்டால் இன்னும் ஒரு அதட்டல்தான் கிடைக்கும். கடைக்குட்டி அழகுத்தாய்க்குத்தான் அந்தச் சொல் அதிகம் கிடைத்தது. அவளுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. கால் விளங்காத பிள்ளைக்கு ஊர் சுற்றும் ஆசை எப்படி வந்தது என்று வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

அப்பா பால்ச்சாமி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து இராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தார். பத்தாவது முடிந்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷில் லோயர், ஹையர் இரண்டையும் அவள் முதல் வகுப்பில் தேறியபோது, "கால் ஓடாட்டி என்ன, எம்மவளுக்கு வெரல் ஓடுது" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். எண்பத்து நான்கில் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் வேலுசாமி கெட்டவன் இல்லை. கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் மிளகாயும் போட்டுக் குடும்பத்தைத் தாங்கியவன். தங்கச்சியை வீட்டில் வைத்துக் கடைசிவரை சோறு போடுவதுதான் தன் கடமை என்று நினைத்தான். அந்தச் சோற்றை உட்கார்ந்து தின்ன அழகுத்தாய்க்கு மனமில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். பிறகு தொண்ணூறில், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத்துக்கு மனுப்போட்டு வாங்கினாள். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை. மஞ்சள் போர்டின் கீழே, 'உரிமையாளர்: பா. அழகுத்தாய்' என்று சிவப்பில் எழுதவைத்தாள்.

போர்டைப் பார்க்க வந்த வேலுசாமி வாசலிலேயே நின்றுகொண்டான்.

"பொம்பளப் பிள்ள பேர நடுரோட்டுல எழுதித் தொங்கவிட்டிருக்க. ராத்திரி வரைக்கும் கண்ட ஆளும் வந்து போவான். நாச்சியா கெணக்காத்தான் ஆகப் போற."

"ஆனா ஆயிட்டுப் போறேன். உள்ள வாண்ணே, செத்த நேரம் உக்காந்து ஒரு டீ குடி."

அவன் குடிக்காமல் போனான். அடுத்த வாரம் தானாகவே வந்தான், ஒரு மூட்டை நிலக்கடலையோடு.

பூத்து நன்றாக நடந்தது. மில்லில் வேலை பார்ப்பவர்கள் திருப்பூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச வந்தார்கள். வளைகுடாவுக்குப் போன புருஷன்மாரின் குரலைக் கேட்கப் பெண்கள் வந்தார்கள். அழகுத்தாய் ஜெராக்ஸ் மிஷின் வாங்கினாள், ஃபேக்ஸ் வைத்தாள். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு சோழபுரத்திலிருந்து வரப் போக ஆரம்பித்தாள். ரோட்டில் அவள் போனால் பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

தொண்ணூற்றெட்டில் பூத்துக்குள் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் காரணம் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த பேண்டேஜ் துணி வியாபாரி ஜமால் முகமது. வெளிநாட்டு வியாபாரிகள் ஃபேக்ஸை விட்டுவிட்டு ஈமெயிலில் ஆர்டர் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"எனக்கு அந்தப் பெட்டியப் பாத்தாலே கை ஒதறுது தங்கச்சி. நீ வாங்கி வையி. எங்க மெயிலெல்லாம் நீயே பாரு" என்றார்.

"நான் மட்டும் என்ன அதோடயா பொறந்தேன், பாய்?" என்று சிரித்தாலும், அவளுக்கு உள்ளுக்குள் ஆசைதான். மதுரைக்கு டயல் செய்து, அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் ஓய்ந்து, லைன் கிடைத்தால் ஸ்க்ரீனில் எழுத்து எழுத்தாக உலகம் வரும். பாதியில் அறுந்தும் போகும். அவள் சலிக்காமல் திரும்ப டயல் செய்வாள்.

ஒருநாள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்திலிருந்து ஜமால் முகமதுக்கு ஒரு மெயில் வந்தது. அங்கே ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் ஒருவர், காயத்துக்குக் கட்டும் காஸ் துணிக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். என் மாமியாரின் தாத்தா ராஜபோலியம் என்ற ஊரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம், அது உங்கள் ஊர்தானா? நிறவெறி ஆட்சியால் இந்தியாவுக்கும் எங்கள் நாட்டுக்கும் நெடுங்காலம் வியாபாரமும் கிடையாது, போக்குவரத்தும் கிடையாது. இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது, அதனால் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அழகுத்தாய் பதில் எழுதினாள். எங்கள் ஊர்தான். ஆளின் பேர் சொல்லுங்கள், விசாரித்துப் பார்க்கிறேன். அந்த ஒரு பதிலால் அவள் ஒரு கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

அது இன்டர்நெட்டில் நடந்த ஒரு மெயில் குழு. நூறு வருஷத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகளும் அவர்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். டர்பன் இருக்கிற நேட்டால், மொரீஷியஸ், பிஜி என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, தங்கள் முன்னோர் எந்த ஊரில் எந்த வீட்டில் பிறந்தார்கள் என்று தேடினார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்ததை எழுதுவார். இன்னொருவர் அதில் உள்ள தப்பைத் திருத்துவார். மூன்றாமவர் இன்னும் ஒரு தலைமுறையைச் சேர்ப்பார். மொரீஷியஸில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற வீராசாமி என்பவர் எல்லாவற்றையும் ஒட்டிக் குடும்ப மரங்களாக வரைந்து வைத்திருந்தார். அவரிடம் எல்லாம் இருந்தது. இங்கே மண்ணில் நடந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட ஆள்தான் இல்லை. அழகுத்தாய் அந்த ஆள் ஆனாள்.

முதலில் கிடைத்தது மடவார் வளாகத்துக்காரர் விஷயம். டர்பனில் ஒரு குடும்பம் தங்கள் ஊர் 'மடவார் வளாகம்' என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக மேப்பில் தேடியிருக்கிறது. அந்தப் பேரை ஸ்க்ரீனில் பார்த்ததும் அழகுத்தாய் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அது தனி ஊரே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வைத்தியநாத சுவாமி கோயிலைச் சுற்றி இருக்கும் இடம். மேப்பில் எங்கே கிடைக்கும்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். தேடப்பட்டவர் பேர் வைத்தியலிங்கம். அந்தக் கோயிலைச் சுற்றி அந்தப் பேருக்குப் பஞ்சமா? ஆளாளுக்கு ஒரு வைத்தியலிங்கத்தைச் சொன்னார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. டர்பன்காரர்களிடம், உங்கள் குலதெய்வம் எது என்று கேட்டு எழுதினாள். பேர் ஆயிரம் பேருக்கு இருக்கும். குலதெய்வம் ஒரு வகையறாவுக்குத்தானே? பதில் வந்தது. அந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு எது என்று கேட்டதும் பூக்கடைக்காரர் ஒருவர் கை நீட்டினார்.

"அந்தா, பச்சக் கதவு. நேட்டால்காரர் வீடுன்னு சொல்லுவாவ. ஏன் அப்படிச் சொல்லுதாவன்னு அவியளுக்கே தெரியாது."

அன்றிலிருந்து குழுவில் யார் புதிதாக வந்தாலும், "முதலில் அழகுத்தாய் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்று வீராசாமி எழுத ஆரம்பித்தார். அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து ஜமால் முகமதுவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "அப்ப இனிமே நீ தங்கச்சி இல்ல, டீச்சர்" என்றார். நாலு நாளைக்கு அவள் தரையில் நடக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது தை மாத வாக்கில் வீராசாமி அவளைக் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் வேர் தேடித் தருகிறீர்கள். உங்கள் மரம் எங்கே?

அவள் எழுதப் பார்த்தாள். அப்பா பால்ச்சாமி. அவருடைய அப்பா ஐயாதுரை. அவருடைய அப்பா, அதாவது இவள் பூட்டன், கருத்தையா. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பாட்டன் பூட்டனைக் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தப் பூட்டனின் அப்பன் பேர் தெரியவில்லை. கருத்தையாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்ற இடத்தில் விரல் நின்றது. பெண்பிள்ளைகளைத் திட்டும் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அதட்டல்களுக்கு நடுவே பெரியவர்கள் வாய் தவறி விட்ட துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினாள். கருத்தையாவுக்கு ஒரு அக்காள் இருந்ததாகத் தெரிகிறது. பேர் நாச்சியார். சிறுவயதிலேயே தாலியறுத்தவள். யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்பார்கள். எங்கள் வீட்டில் அவள் பேர் வசவாகத்தான் இருக்கிறது.

அழித்துவிடலாமா என்று ஒருதரம் தோன்றியது. பாதி தெரிந்ததையும் எழுதுங்கள், யாரையும் விடாதீர்கள் என்று வீராசாமி எப்போதும் சொல்வார். அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள், டர்பனிலிருந்து லோகா பெருமாள் என்ற அம்மாளிடமிருந்து பதில் வந்தது. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். குழுவில் அதிகம் பேசாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் அம்மா பேர் நாச்சியார், என்று எழுதியிருந்தார். ஊர் சோழபுரம் என்பார்கள். அவள் எந்த ஆணோடும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்னும் இரண்டு பெண்களோடு நடந்து போய், மெட்ராஸில் கப்பலேறினாள். கரும்பு வெட்டினாள். ஒப்பந்தம் முடிந்தபின் கல்யாணம் செய்துகொண்டாள். காய்கறி போட்டுத் தலைச்சுமையாக டவுனில் விற்றாள். அந்தக் காசில் நிலம் வாங்கினாள். அந்த நிலத்தில் ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வாத்தியாரை வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரச் செய்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அழகுத்தாய் அந்த மெயிலைப் படித்து முடித்தபோது பூத்தில் ஆள் காத்துக்கொண்டிருந்தது. மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுத்தான் பில் போட்டாள்.

ஆனால் வீராசாமி அவசரப்படவிடவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ சோழபுரம் இருக்கிறது. நாச்சியார் என்ற பேரும் அபூர்வமில்லை. உங்கள் கேள்வியை நீங்களே கேளுங்கள், என்றார். உங்கள் குலதெய்வம் எது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஆசையில் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் கேட்டாள். லோகா கொஞ்சம் வெட்கத்தோடு எழுதியதுபோல இருந்தது பதில். எங்கள் வீட்டில் தாத்தா வழிச் சாமி ஒன்று உண்டு, அதற்குக் கோயில் இருக்கிறது. அது தவிர, வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. அது நாச்சியார் தானாக நட்ட கல். ராக்காச்சி என்போம். வருஷத்தில் ஒருநாள் மக்காச்சோள மாவைக் காய்ச்சி, கீரை போட்டு, உப்பில்லாமல் படைப்போம். சின்ன வயதில் எங்களுக்கு அது தொண்டையில் இறங்காது. அப்பா பக்கத்தில் நின்று முழுதும் விழுங்கவைப்பார். ஏன் உப்பில்லை என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அழகுத்தாய்க்கும் தெரியாது. ஆனால் சோழபுரத்தில் அவர்கள் வகையறா வருஷாவருஷம் ஆவணியில் ராக்காச்சிக்குப் படைப்பது கம்மஞ்சோறும் முருங்கைக்கீரையும். உப்பில்லாமல். கம்பு கிடைக்காத தேசத்தில் ஒருத்தி மக்காச்சோளத்தைக் கொண்டு சமாளித்திருக்கிறாள். உப்பைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று லைன் அறுவதற்குள் லோகா இன்னும் ஒன்று எழுதினார். எங்கள் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளைக்குத் தவசி என்று பேர் வைப்போம். என் தாத்தா தவசி, என் தம்பியும் தவசி. தன் அப்பன் பேர் தவசிமுத்து, அந்தப் பேர் விட்டுப்போகக் கூடாது என்று பூட்டி நாச்சியார் சொல்லியிருக்கிறாள். உங்கள் பக்கம் அப்படி ஒரு பேர் உண்டா?

உண்டா என்று அழகுத்தாய்க்குத் தெரியவில்லை. அவள் அறிந்தவரை வீட்டில் எவருக்கும் அந்தப் பேர் இல்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனிடம் பேசத் தோட்டத்துக்குப் போனாள்.

வேலுசாமி மிளகாய் வற்றலைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவர்களின் அத்தை, பால்ச்சாமியின் தங்கை இசக்கியம்மாள், காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அழகுத்தாய் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே ஆரம்பித்தாள்.

"அண்ணே, நாச்சியாவக் கண்டுபிடிச்சிட்டேன்."

வேலுசாமியின் முகம் இருண்டது. "அந்தப் பேச்ச எடுக்காதன்னு எம்புட்டுத் தடவ சொல்ல? ஊருக்குள்ள மறந்துபோன அசிங்கத்தத் தோண்டி எடுக்கியே, வீட்டுல ரெண்டு பிள்ளைய கல்யாணத்துக்கு நிக்குது, அது தெரியுதா?"

"அசிங்கமில்லண்ணே. அவ எவன்கூடயும் ஓடல. கப்பலேறித் தனியாப் போனா. ஒழைச்சா, நெலம் வாங்குனா, பள்ளிக்கூடம் வச்சா. அவ வம்சம் அங்க டாக்டரும் நர்சும் வாத்தியாருமா இருக்கு."

"எவளோ ஒருத்தி எழுதுனா நம்பிருவியா?"

"ராக்காச்சிக்கு உப்பில்லாமப் படைக்காவ."

"இந்தப் பக்கத்துல ராக்காச்சியக் கும்பிடாதவன் யாரு?"

"சரி, இதையும் கேளு. நாச்சியா அவ அப்பன் பேரு தவசிமுத்துன்னு சொல்லியிருக்கா. மூத்த பிள்ளைக்கெல்லாம் தவசின்னு..."

வேலுசாமி கையிலிருந்த வற்றலைக் கீழே போட்டான்.

"அந்தப் பேர ஒனக்கு யாரு சொன்னது?"

"அதான் சொல்லுதேனே, டர்பன்ல இருக்க அந்தம்மா."

"பொய் சொல்லாத, தாயி." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "அது ஆம்பளைய சாமி முன்னால மட்டும் சொல்லுறது. பொம்பளைய காதுல விழக்கூடாதும்பாவ. படைக்கும்போது நான் முன்னால நின்னு முணுமுணுப்பம்லா, அது என்னன்னு நெனச்ச? 'தவசி மக்க வந்திருக்கோம், தாயே.' அம்புட்டுத்தான். அப்பா எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. தவம் பண்ணுன சாமியாரு யாரையோ சொல்லுதோம்னுதான் இத்தன வருசம் நெனச்சேன்."

அத்தை இசக்கியம்மாள் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள்.

"அப்ப எங்க தாத்தா கருத்தையாவுக்கு அப்பன் பேரு தவசிமுத்தா?"

"ஆமாத்தே" என்றாள் அழகுத்தாய். "நம்ம ஆளுகளுக்குப் பேரு மட்டும் வாயில இருந்துச்சு, ஆளு மறந்துபோச்சு. அவ மறக்கல. வேண்டாம்னு தள்ளுனோமே, அவதான் நம்ம அப்பன் பேரக் கடலுக்கு அந்தப் பக்கம் வச்சுக் காப்பாத்தியிருக்கா."

வேலுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டான். பிறகு, "அந்தம்மாவ வரச்சொல்லி எழுது. ஆவணிப் படைப்புக்கு வரட்டும். நான் கூப்பிட்டதா எழுது" என்றான்.

லோகாவும் அவர் தம்பி தவசியும் ஆவணியில் வந்தார்கள். மதுரையிலிருந்து செங்கோட்டை ரயிலில் இராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கியபோது, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டி, சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டியிருந்த அந்த அம்மாளை அழகுத்தாய் ஒரு பார்வையில் அடையாளம் கண்டாள். அத்தை இசக்கியம்மாளின் அதே தாடை. லோகாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "வந்தாச்சு," என்றார் பிளாட்பாரத்தில் நின்று. பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடியும், "வந்தாச்சு," என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லி லோகா அழகுத்தாயின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

படைப்பு அன்று பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். விஷயம் முன்பே பரவியிருந்தது. கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒருவர் இழுத்துப் பேசினார். "அதெல்லாம் சரி வேலுசாமி. ஓடிப்போன பொம்பளையோட வழி வந்தவியளச் சாமி முன்னால நிறுத்துறது மொறையா?"

அழகுத்தாய் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் முன்னால் வந்துவிட்டான்.

"ஏலே, ஒன்ன ஒண்ணு கேக்கேன். ஒன் பூட்டனுக்கு அப்பன் பேரு என்ன?"

அவர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதுல்ல? எனக்கும் போன மாசி வரைக்கும் தெரியாது. கண்டவன் தோட்டத்துல கரும்பு வெட்டிக்கிட்டு, கம்பு இல்லாட்டி மக்காச்சோளத்துல கூழு காச்சி, இந்தத் தாய்க்கு உப்பில்லாமப் படைச்சிருக்கா ஒரு பொம்பள. இத்தன வருசம் அவ பேரச் சொல்லி நம்ம வீட்டுப் பிள்ளையளத் திட்டிக்கிட்டுக் கெடந்தோம். எவனுக்கு மொறை தெரியும், நமக்கா அவளுக்கா? என் தங்கச்சி இந்தக் காலோட ஊரூராப் போயி கண்டுபிடிச்சிட்டு வந்திருக்கா. வேண்டாம்னு சொல்லுறவன் சோத்த வாங்காமப் போகலாம்."

எவரும் போகவில்லை.

அழகுத்தாய் தன் அண்ணனை அப்படிப் பார்த்ததே இல்லை. ஊர் முன்னால், தன் பேரைச் சொல்லாமல் 'என் தங்கச்சி' என்று அவன் சொன்ன அந்தத் தொனியை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை ஆரம்பமானது. வந்தவர்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? இசக்கியம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"நாச்சியா எங்க தாத்தா கருத்தையாவுக்கு அக்கா. அவ மகன் எங்கய்யாவுக்கு மச்சான். அந்த மச்சான் மகன் எனக்கும் எங்கண்ணன் பால்ச்சாமிக்கும் அத்தான் மச்சான் மொறை. அவரு மக இவ. அப்ப ஏட்டி அழகு, இவ ஒனக்கு மதினி! ஏலே வேலுசாமி, ஒனக்கும் மதினிதான். இந்தத் தவசி ஒனக்கு மச்சான்."

"மதினியா?" என்று கேட்டு லோகா அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார். "மதினி. மீனிங் என்ன?"

"கேலி பண்ணலாம்னு மீனிங்" என்றாள் அழகுத்தாய். கூட்டம் சிரித்தது. லோகாவுக்கு அதை இங்கிலீஷில் விளக்கியதும் அவரும் சிரித்தார். வேலுசாமி உடனே தன் உரிமையை எடுத்துக்கொண்டான். "என்ன மதினி, இம்புட்டு நாள் கழிச்சு வாரிய, வழி மறந்துபோச்சோ?" அதையும் அழகுத்தாய் சொல்லிக்காட்டினாள். லோகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெல் ஹிம், பஸ் லேட்" என்றார்.

கம்மஞ்சோறும் கீரையும் வெந்து இறங்கின. ஆண்கள் முன்னால் போய் நின்றார்கள். வேலுசாமி தவசியைக் கைபிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினான். பெண்கள் வழக்கம்போலப் பின்னால் ஒதுங்கினார்கள். அவன் திரும்பிப் பார்த்து, "அங்கன ஏன் நிக்கிய? முன்னால வாங்க" என்றான். பிறகு, முணுமுணுக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னான்:

"தவசி மக்க வந்திருக்கோம், தாயே. நாச்சியார் மக்களும் வந்திருக்காவ."

இலையில் விழுந்த சோற்றை லோகா ஒரு வாய் எடுத்தார். அழகுத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதே டேஸ்ட்," என்றார் லோகா. "நல்லால்ல." இரண்டு பேரும் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அவர்கள் திரும்பிப் போனபின் அழகுத்தாய் பூத்தில் உட்கார்ந்து தன் மரத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். மேலே தவசிமுத்து. அவருக்குக் கீழே மூத்த பிள்ளையாக நாச்சியார், அடுத்து கருத்தையா. கருத்தையாவின் பக்கம் ஒரு ஸ்க்ரீனுக்குள் அடங்கியது. நாச்சியாரின் பக்கம் லோகா சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போயிற்று. டைப் அடித்து முடிக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. தப்பில்லாமல் இருக்கிறதா என்று அவள் ஒவ்வொரு பேராகச் சரிபார்த்தாள். வீராசாமி அதைப் பார்த்துவிட்டு, பெரிய மரம், கெட்டியான வேர் என்று ஒரே வரியில் பதில் போட்டார். ஜமால் முகமது கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் பாட்டனாரின் தம்பி ரங்கூனுக்குப் போய்த் திரும்பவில்லை என்றும், அவர் பேர் சாகுல் ஹமீது என்றும் சொல்லி, மறுநாளே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்குக் குலதெய்வம் கெடையாதே தங்கச்சி. எதக் கேட்டுக் கண்டுபிடிப்ப?"

"அதான் யோசிக்கேன், பாய். எந்தத் தர்காவுக்கு நேந்துக்கிட்டாவன்னு மொதல்ல சொல்லுங்க. அதுல இருந்து ஆரம்பிப்போம்."

ஐப்பசியில் வேலுசாமியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாச்சியாரின் கதையை வேலுசாமியே மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டான். அவர்களும், அப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்றால் சரிதான் என்றார்கள். பத்திரிகை அடிக்க இராஜபாளையத்தில் ஒரு அச்சகத்துக்கு அண்ணனும் தங்கையும் போனார்கள். நல்வரவை விரும்பும் உறவினர் பட்டியலை அச்சகக்காரர் வாய்விட்டுப் படித்தார். சோழபுரம், மடவார் வளாகம், திருப்பூர் என்று வந்துகொண்டிருந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"திருமதி லோகா பெருமாள், டர்பன். இது எந்தப் பக்கம்யா, சங்கரன்கோவில் தாண்டியா?"

"கொஞ்சம் தாண்டித்தான்" என்றான் வேலுசாமி. "எங்க மதினி. பேரக் கொஞ்சம் பெரிய எழுத்துலயே போடும்."

அழகுத்தாய் புரூஃபை வாங்கி, எழுத்துப்பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பூத்தைத் திறக்க நேரமாகியிருந்தது.